‘அவ்வப்போது’ என்றால் எப்போது?

“எங்கள் தெருவில் மின்சாரம் அவ்வப்போது போகிறது. ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது ‘அக்கேஷனலி’ என்று போடலாமா?” பாகூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போட்டால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், படிக்கும் அதிகாரி ‘எப்போதோ ஒரு நாள் போகிறதுபோல’ என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம். தமிழில் ‘அவ்வப்போது’ என்ற ஒரே சொல் பல வேலைகளைப் பார்த்துவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் உண்டு. நம் ஊர்க் காட்சிகளை வைத்தே பார்த்துவிடுவோம்.

அக்கேஷனல்: எப்போதாவது ஒரு தடவை. ‘பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை’ என்ற தொனியும் இதில் சேர்ந்தே வரும். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை எப்போதாவது வில்லியனூர் வீட்டுக்கு வந்து போனால், அது ‘அக்கேஷனல் விசிட்’.

இன்டர்மிட்டன்ட்: விட்டு விட்டு. வரும், நிற்கும், மறுபடியும் வரும். ஐப்பசியில் குடையை மடக்கியதும் மறுபடி தூறுகிறதே, அந்த மழை இந்த ரகம். மழைக்காலத்தில் ஓடி, கோடையில் வற்றிவிடும் ஆறுகளையும் நீரியல் வல்லுநர்கள் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். சங்கராபரணியைக் கோடையில் பார்த்தவர்கள், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு அது பாய்ந்த வேகத்தையும் நினைத்துப் பார்த்தால் இந்தச் சொல் மறக்காது.

ஸ்போராடிக்: அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல். ‘சிதறிய’ என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. விதைப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. கையால் வீசி விதைத்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் ஒருவருக்கு, வேறெங்கோ இன்னொருவருக்கு என்று தொடர்பில்லாமல் ஒரு நோய் வந்தால் ‘ஸ்போராடிக் கேஸ்’. ஒரே தெருவில் பலருக்கு அடுத்தடுத்து வந்தால் அது ‘அவுட்பிரேக்’. செய்தியில் எந்தச் சொல் வருகிறது என்று கவனித்தால், நாம் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பீரியாடிக்: குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் வருவது. இதுவும் கிரேக்க வழி வந்ததுதான். அங்கே ‘சுற்றி வரும் பாதை’ என்று பொருள். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதை நினைத்துக்கொண்டால் போதும். திருக்காஞ்சியில் 2023 ஏப்ரல் 22 அன்று தொடங்கிய சங்கராபரணி புஷ்கரம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. ‘இவ்வளவு அபூர்வமாக வந்தால் ரேர் இல்லையா?’ என்று கேட்கலாம். ‘ரேர்’ எவ்வளவு குறைவு என்று சொல்கிறது. ‘பீரியாடிக்’ எவ்வளவு ஒழுங்கு என்று சொல்கிறது. புஷ்கரத்துக்கு இரண்டுமே பொருந்தும்.

புகார்க் கடிதத்தைவிட இந்த வித்தியாசம் முக்கியமாகும் இடம் ஆஸ்பத்திரி. தமிழ் தெரியாத டாக்டரிடம் ‘சம்டைம்ஸ் ஃபீவர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். காய்ச்சல் ஏறி, முழுக்க இறங்கி, மறுபடி ஏறினால் ‘இன்டர்மிட்டன்ட்’. ஏறி இறங்கினாலும் இயல்பு நிலையைத் தொடவே இல்லை என்றால் ‘ரெமிட்டன்ட்’. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு வருகிறது என்றால், மலேரியாவாக இருக்குமோ என்றும் டாக்டர் யோசிப்பார்.

அந்த அவசரத்தில் இந்தச் சொற்கள் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை. ‘எவ்ரி ஈவினிங், ஃபார் ஃபோர் டேஸ்’ என்று நேரத்தையும் நாளையும் சொல்லிவிடுங்கள். பெரிய வார்த்தையைவிட அது அதிகம் உதவும்.

பாகூர் வாசகிக்கும் அதேதான். உங்கள் தெருவில் தினமும் ஐந்தாறு தடவை மின்சாரம் போகிறது என்றால் இப்படி எழுதுங்கள்: ‘தி பவர் சப்ளை இஸ் இன்டர்மிட்டன்ட். இட் ஃபெயில்ஸ் ஃபைவ் ஆர் சிக்ஸ் டைம்ஸ் எ டே.’ கீழே ஒரு வாரத்துக்கான தேதியையும் நேரத்தையும் வரிசையாகக் குறித்துவிடுங்கள். ‘எப்போதோ ஒரு நாள்’ என்று அந்தக் கடிதத்தை யாரும் ஓரமாக வைக்க முடியாது.