பெட்டிக்கு வாடகை, மனுஷனுக்கு ஓசி

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நண்பர் பொங்கிட்டார். "இந்த கன்டெய்னர் லாரிக்காரனுங்களை ரோட்டுலயே விடக்கூடாதுப்பா, எண்ணூர் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க." நான் திருவொற்றியூர்க்காரன். அந்த வரிசையைப் பார்த்துக்கிட்டே ஸ்கூலுக்குப் போனவன். அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டிடறேன்.

அய்யா, அவங்க ஆசைப்பட்டா நிக்கிறாங்க? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஃபேக்டரி சரக்கு ஊரைச் சுத்தி வடக்கால வந்துதான் சென்னைத் துறைமுகத்துக்குள்ள நுழையணும். உள்ளே யார்டு நிரம்பினாலும், சுங்க பேப்பர்ல தப்பு இருந்தாலும், சர்வர் படுத்தாலும் மொத்த வரிசையும் நிக்கும். ரயில்ல அனுப்பலாமேன்னு கேப்பீங்க. பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்கு ரயில் சரி. 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஸ்ரீபெரும்புதூருக்கு ஏத்தி இறக்குற கூலியே கட்டுப்படியாகாது.

தீர்வுன்னு மதுரவாயல் பறக்கும் சாலையைக் காட்டுறாங்க. 2009-ல் அடிக்கல். 2012-ல் கூவத்துக்குள்ள தூண் கூடாதுன்னு வேலை நின்னுச்சு. 2022 மே மாசம் மறுபடி அடிக்கல், இந்தத் தடவை ரெண்டடுக்கு. வரட்டும், வேணாங்கலை. ஆனா கேட்ல மணிக்கு 100 வண்டிதான் போக முடியும்னா, ரோட்டை எவ்வளவு அகலமாக்கினாலும் 100தான் போகும். மிச்ச வண்டி பாலத்து மேல நிக்கும். காத்து நல்லா வரும், அவ்வளவுதான் :-)

எங்க எதிர்வீட்டு அண்ணன் டிரெய்லர் ஓட்டுறார். சம்பளம் டிரிப் கணக்கு. ரெண்டு ராத்திரி வரிசையில நின்னா ஒரு டிரிப் போச்சு. இறங்கிப் போனா பேட்டரி இருக்காது, இடமும் இருக்காது. அவர் பொண்ணு பொறந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரியிலேர்ந்து 3 கிலோமீட்டர்ல, காசிமேட்டுல ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

கப்பல் காத்திருந்தா டெமரேஜ். பெட்டி காத்திருந்தா வாடகை. மனுஷன் காத்திருந்தா மட்டும் ஓசி. ஓசியா கிடைக்கிறதை எவனாவது மிச்சம் பிடிப்பானா?

காசு கேட்டா என்ன நடக்கும்னு பார்க்கணுமா? 2021 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் மூச்சுத் திணறினப்ப, 9 நாளுக்கு மேல லாரிக்காகக் கிடக்கிற பெட்டிக்கு கப்பல் கம்பெனி 100 டாலர் கட்டணும், தினம் 100 டாலர் ஏறும்னு அறிவிச்சாங்க. ஒரு டாலர்கூட வசூலிக்காம 2023 ஜனவரியில கைவிட்டாங்க. அதுக்குள்ள தேங்கின பழைய பெட்டிகள் பாதிக்கும் மேல குறைஞ்சிருந்துச்சு. மிரட்டல் மட்டுமே காரணம்னு சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி யாருக்கும் அவசரமே இருக்கலை.

இங்கேயும் செய்யலாம், பிரம்ம வித்தை இல்லை. டோல்கேட்ல ஃபாஸ்டேக் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள காசு புடுங்குதே, அதே ஸ்டிக்கர் வரிசையில சேர்ந்த நேரத்தையும் குறிக்கட்டும். 4 மணி நேரத்துக்கு மேல ஒவ்வொரு மணிக்கும் டிரைவர் கைக்கு காசு. தாமதம் யாரால வந்துச்சோ அவங்க கொடுக்கட்டும். அப்புறம் பாருங்க, சர்வர் எப்படி எழுந்து உக்காருதுன்னு.

டிஸ்கி: கேன்டீன் நண்பர் இதைப் படிச்சா பின்னூட்டத்துல திட்டலாம். கண்டிப்பா பப்ளிஷ் பண்றேன்.