பாவமா, பலவீனமா?



தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் திருகோணமலைக் கோயில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும். இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். அந்த வரிசையில் நான் கூடுதலாகக் காண்பது பெண்களைத்தான். அவர்களிற் பலர் அதே விடயத்தையே வருடா வருடம் சுமந்துகொண்டு வருகிறார்கள். குருவானவர் மன்னிப்பு அளித்த பின்பும் சுமை இறங்குவதில்லை. ஏன் இறங்குவதில்லை?

பெண்கள் குழுக்களில் உட்கார்ந்து கதைக்கும்போது எனக்கு விளங்கிய காரணம் ஒன்று உண்டு. மனதை அழுத்துகிற எல்லாவற்றுக்கும் நாங்கள் பாவம் என்ற ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். காயமும் பாவம், பலவீனமும் பாவம், பாவமும் பாவம். மூன்று நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் எது சுகமாகும்? இந்த மாதம் இதைப் பற்றிக் கதைப்போம்.

சுமையெல்லாம் பாவமல்ல

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்த அன்று பிள்ளையை இழந்த தாய்மார் எங்கள் கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, பிள்ளைட கைய நான்தான் விட்டுட்டன். கடவுள் என்னை மன்னிப்பாரா?"

இதே கேள்வியைப் போரிலும் கேட்டிருக்கிறேன். 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து வாகரைப் பக்கம் ஓடியபோது, நடக்க முடியாத மாமியை விட்டுவிட்டு வந்தவர் கேட்டார். காணாமற் போன கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் அவரைக் கைவிட்ட பாவம் சேருமோ என்று இன்னொருவர் கேட்டார்.

1992 இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று விடயங்கள் சேர வேண்டும். செயல் பாரதூரமானதாக இருக்க வேண்டும். அது பிழை என்ற முழு அறிவு வேண்டும். முழு மனதோடு சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். பயம், பலவந்தம், அறியாமை என்பன ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், சில வேளைகளில் இல்லாமலும் ஆக்கிவிடும் என்று அதே நூல் சொல்கிறது.

அந்தத் தாய் பிள்ளையின் கையை விடச் சம்மதித்தாரா? இல்லை. கடலின் பலம் அவருடைய கையின் பலத்தைவிடப் பெரியது. அது காயம். காயத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அதற்கு வேண்டியது அழுவதற்கு ஒரு இடமும், பக்கத்தில் இருந்து கேட்க ஒரு ஆளும், பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு செபமும்.

காணாமற் போனவரின் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016 இல் மரணப் பதிவு தொடர்பான சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, காணாமற் போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்யப்பட்டது. உதவிப்பணம், சொத்து, பிள்ளைகளின் காரியங்கள் போன்றவற்றைப் பார்ப்பதற்காகவே அது வந்தது. அதைக் கேட்டு எடுப்பது துரோகமல்ல. தேடுவதை நிறுத்துவதாகவும் ஆகாது.

பயத்தில் தவறியவர்

இனிச் சற்றுக் கடினமான இடத்துக்கு வருவோம். சுற்றிவளைப்புகளும் தலையாட்டிகளும் இருந்த காலத்தை எங்களில் பலர் கண்டவர்கள். அடி தாங்க முடியாமல், அல்லது அடுத்த அறையில் இருந்த தன் பிள்ளைக்குப் பயந்து, யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குரியவர் திரும்பி வராமலும் போயிருக்கலாம். இப்படியான ஒருவரிடம் "உங்களில் பிழையே இல்லை" என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். "நீ பாவி" என்று சொன்னால் அவர் உடைந்துபோவார். அப்படியானால் என்ன சொல்வது?

நான் பேதுருவின் கதையைச் சொல்வேன். எங்கள் பழைய ஆட்கள் இராயப்பர் என்று சொல்லும் அதே பேதுருதான். செத்தாலும் உம்மை விடமாட்டேன் என்று இயேசுவிடம் இராப்போசன வேளையில் சொன்னவர். விடியச் சேவல் கூவுவதற்குள், தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டார். முதலில் அவரைக் கேட்டது ஒரு பட்டாளத்தானும் இல்லை, ஒரு வேலைக்காரப் பெண்பிள்ளை. பயம் அப்படித்தான் செய்யும்.

யூதாசும் அதே இரவில் தவறினார். அவரும் மனம் வருந்தினார், வாங்கிய காசையும் திருப்பி எறிந்தார். ஆனால் அவர் தனியே போனார், தனியே முடித்துக்கொண்டார். பேதுரு அழுதார், பிறகு தன் கூட்டாளிகளோடு போய் இருந்தார். வெட்கத்தோடு என்றாலும் ஆட்களோடு இருந்தார். சகோதரிகளே, எங்களில் யாராவது உயிரை வெறுக்கும் அளவுக்குக் குற்ற உணர்வில் தவித்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அவரோடு போய் இருங்கள்.

பிறகு நடந்ததை யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் காணலாம். திபேரியாக் கடலில் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் இல்லை. எங்கள் கரையில் இது எத்தனை வீட்டுக் கதை! விடியற்காலையில் கரையில் ஒருவர் நின்று, வலதுபக்கம் போடுங்கள் என்கிறார். 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்தால் அங்கே ஒரு கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். பேதுரு தவறியதும் ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்தில்தான். இயேசு முதலில் சாப்பிடக் கொடுக்கிறார். அதன் பிறகே கேட்கிறார். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்கவில்லை. என்னில் அன்பு இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்கிறார். ஒவ்வொரு தரமும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைக்கிறார்.

பயத்தில் தவறியவருக்கு இதில் வழி இருக்கிறது. நடந்ததை ஒரு நம்பிக்கையான இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது. எந்த நீதிமன்றம் கேட்டாலும் திருச்சபைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைச் சகோதரிகள் போதகரிடமோ தனிச் செபத்திலோ சொல்லலாம். அதற்குப் பிறகு, உங்கள் கைக்கெட்டிய ஆடுகளைப் பாருங்கள். தகப்பன் இல்லாமற் போன ஒரு பிள்ளையின் படிப்புக்கு நீங்கள் செய்யும் உதவியும் ஒரு பரிகாரம்தான்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது

உண்மையான பாவமும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். யாரும் வற்புறுத்தாமல், தெரிந்துகொண்டே செய்வது அது. குழுவின் சேமிப்புக் காசில் கை வைப்பது, வராதவர் பெயரில் நிவாரணம் எடுப்பது, கணவன் இல்லாதவள் வேலைக்குப் போய் இருட்டில் வந்தால் ஊரெல்லாம் கதை கட்டுவது. கடைசியாகச் சொன்னதை நாங்கள் பாவமாகவே எண்ணுவதில்லை. ஆனால் போர் விட்டுவைத்த எத்தனையோ பெண்களை ஊர் வாய் விட்டுவைக்கவில்லை.

இதற்கு உதாரணம் சக்கேயு. இயேசு வீட்டுக்கு வந்தவுடன் அவர் சொன்னது, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பேன், ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று. காசு எடுத்தவர் மாதம் ஐந்நூறாவது திருப்பிக் கட்டலாம். கதை கட்டியவர், கதை சொன்ன அதே ஆட்களிடம் போய் "நான் சொன்னது சரியில்லை" என்று சொல்ல வேண்டும். காசைத் திருப்புவதைவிட அது கடினம்.

மன்னிப்பும் அடங்கிப் போவதும்

எழுபது தரம் ஏழு முறை மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே, அப்படியானால் குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் திரும்பவும் போகத்தானே வேண்டும் என்று கேட்கிறார்கள். மன்னிப்பது உங்கள் மனதில் நடக்கிற காரியம். அடி வாங்குவது உங்கள் உடம்பில் நடக்கிற காரியம். முதலாவதைக் கடவுள் கேட்கிறார். இரண்டாவதை அவர் கேட்கவில்லை. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1153 ஆம் பிரிவில், கணவனாலோ மனைவியாலோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் மற்றவர் பிரிந்திருக்க நியாயமான காரணம் உண்டு என்கிறது. நாட்டின் 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கட்டளை எடுத்துவிட்டு அவருக்காகச் செபிப்பதில் ஒரு முரண்பாடும் இல்லை.

போர் தந்த காயம்

"எல்லாவற்றையும் மறந்து மன்னியுங்கள்" என்று எங்களிடம் மேடைகளில் சொல்கிறார்கள். மூதூர்ப் பக்கத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி 24 பேர் கொல்லப்பட்டார்கள். 2016 இல் அநுராதபுரத்தில் நடந்த வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். அப்படியானால் அந்த ஊர்த் தாய் யாரை மன்னிப்பது? செய்தேன் என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? அவருக்குப் பதிலாக வேறொருவர் மன்னிப்பு வழங்கவும் முடியாது.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போனார். கச்சேரிக் கணக்குகளை வைத்து, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் 2021 இல் காலமானார். மன்னிப்பைப் போதித்த ஒரு ஆயர் எண்ணிக்கையையும் கேட்டார். உண்மையைக் கேட்பது வெறுப்பு அல்ல.

2015 ஜனவரி 14 ஆம் திகதி மடுத் திருத்தலத்துக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ், நாங்கள் செய்யக்கூடிய தீமையையும் எங்களுக்குப் பங்கிருந்த தீமையையும் சிலுவையின் ஒளியில் கண்டால்தான் உண்மையான மனவருத்தம் வரும் என்ற கருத்தைச் சொன்னார். அது எங்களுக்கும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் துரத்தப்பட்டார்கள். 2006 ஓகஸ்ட்டில் புலிகள் மூதூருக்குள் வந்து சண்டை மூண்டபோது முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடின. அந்தத் தாய்மாரின் கண்ணீரும் கண்ணீர்தான். அதை ஏற்றுக்கொள்ளும்போது எங்கள் இழப்பு சிறிதாவதில்லை.

மன்னிக்க முடியவில்லை என்றால் அதையே செபமாகச் சொல்லுங்கள். "ஆண்டவரே, என்னால் ஏலாது" என்பதும் செபம்தான். நியாயம் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் வெறுப்பை மட்டும் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம்.

இம்மாதம் குழுவில் கதைப்பதற்கு

1. என் மனதில் உள்ள சுமை எது: காயமா, பலவீனமா, பாவமா?

2. பாவம் என்றால், யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

3. எங்கள் ஊரில் குற்ற உணர்வோடு தனியே இருப்பவர் யார்? இந்தக் கிழமை அவர் வீட்டுக்கு யார் போகிறோம்? போகும்போது, இயேசு கரையில் செய்ததுபோல, சாப்பிட ஏதாவது கொண்டு போங்கள். கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.