தலைக்கு இவ்வளவு என்று எழுதினீர்களே!

அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தவர்கள் நாங்கள் என்று பிரிட்டன் இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறது. 1833-இல் அதற்குச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு ஒதுக்கினார்கள். சாட்டையடி பட்டவனுக்கு அதில் ஒரு செல்லாக்காசுகூட இல்லை. அத்தனையும் சாட்டை பிடித்த முதலாளிக்கு. சொத்து கைவிட்டுப் போகிறதாம், பாவம்! அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் கஜானா கட்டித் தீர்த்தது 2015-இல். முதலாளிமாருக்காக வாங்கிய கடனை 180 வருஷம் மறக்காதவர்களுக்கு, எங்களிடம் பட்ட கடன் மட்டும் ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நாங்கள் என்றால், திருச்சி ஜில்லாவிலிருந்து சிலோன் தோட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். ஆப்பிரிக்காக்காரனை விலைக்கு வாங்க முடியாமல் போனதும், 1834-லேயே இந்தியக் கூலிகளை மொரீசியஸ் கரும்புக் காட்டுக்குக் கப்பலேற்றினார்கள். சிலோனுக்குக் கப்பல்கூட வேண்டியிருக்கவில்லை. தோணியில் மன்னார் கரையில் இறக்கிவிட்டு, காட்டு வழியாகக் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கு நடக்கவிட்டார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணிவைக்கவில்லை. காப்பி மூட்டைக்குக் கணக்கு தப்பியதில்லை.

காவிரி பாய்கிற ஊரை விட்டு எவனாவது அட்டைக்கடிக்குப் போவானா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தக் காவிரி யாருக்குப் பாய்ந்தது? 1819-இல் அடிமை முறை பற்றி சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. நன்செயில் உழைக்கும் பள்ளர்களை நிலத்தோடு சேர்த்தும் விற்கிறார்கள், நிலமில்லாமல் தனியாகவும் விற்கிறார்கள் என்று திருச்சி கலெக்டர் லஷிங்டனும் எழுதி அனுப்பினார். எழுதினார்கள், கட்டிப் பரணில் போட்டார்கள். நெல் விளைந்தது, வரி வந்தது, கம்பெனிக்கு அது போதும். இங்கே அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் வர 1843 ஆனது. வந்த பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். அப்புறம் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையில் மண் வெட்டியவனுக்கு பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அளந்தது நாளைக்கு ஒரு பவுண்டு தானியம்; அரைக் கிலோகூட வராது. இப்படிப்பட்ட ஊரில் ஆள் பிடிக்கும் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்று, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் தோண்டி எடுக்கலாம் என்றால் எவன் நம்பமாட்டான்?

ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போதெல்லாம் கோயில் மதிலை அண்ணாந்து பார்க்கிறேன். 1801 ஜூன் 16-இல் சின்ன மருது தன் அறிக்கையை ஒட்டவைத்தது இரண்டே இடத்தில்: திருச்சிக் கோட்டை வாசல், ஸ்ரீரங்கம் கோயில் மதில். சாதி மதம் பாராமல் எல்லோரும் சேர்ந்து ஐரோப்பியனை விரட்டுங்கள் என்பது சாரம். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். மிஞ்சியவர்களை மறு வருஷம் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்; சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை முளைக்காத பையன், அவனும் அதில் ஒருவன். எதிர்த்தவனுக்குக் கடல் தாண்டிய தண்டனை. எதிர்க்காமல் பசியோடு கிடந்தவனுக்கும் அதே கடல்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையைப் படிக்க என் பாட்டன்மாருக்கு எழுத்தும் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த மதில் பக்கம் அண்ட விட்டிருக்கமாட்டார்கள். எங்களைக் கட்டிய கயிறு இந்த ஊரிலேயே திரித்தது. வெள்ளைக்காரன் அதை அவிழ்க்கவில்லை, இன்னொரு நுனியைத் தன் தோட்டத்தில் முடிந்துகொண்டான்.

1904-இல் சிலோன் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு தலைமை ஆபீஸ் திறந்தார்கள். எங்கே? இதே திருச்சியில். சிலோன் லேபர் கமிஷன் என்று பெயர். சேர்த்த ஆளின் கையில் தோட்ட நம்பரும் ஆள் நம்பரும் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து ரயிலேற்றினார்கள். பெயர் எதற்கு, நம்பர் போதாதா? பிற்பாடு மண்டபம் முகாமில் மருந்துத் தண்ணீரில் முக்கிக் குளிக்கவைத்து, ஊசி போட்டு, நாள் கணக்கில் அடைத்துவைத்து அக்கரைக்குத் தள்ளினார்கள்.

கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் ஆள் தலையில் கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்துரை கையெழுத்திட்ட ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். புது துரை கட்டுவான். அந்தக் கடன் அப்படியே புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். இதற்கு விற்பனைச் சீட்டு என்று பெயரில்லாவிட்டால் வேறு என்ன பெயர்? 1921 வரை இது சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது.

எங்கள் அப்பாயி விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றவள். பிந்தினால் துரத்திவிடுவார்களாம். பகல் முழுக்க மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து, எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை ‘அரைப்பேர்’ போடுவான். முழு நாள் மலையில் நின்றவள் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரை ஆள். சாகிற வரைக்கும் அந்த அரைப்பேரை அவள் மன்னிக்கவில்லை. அடித்த கங்காணியைக்கூட மறந்துவிட்டாள், அதை மறக்கவில்லை.

1948-இல் வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனான். தேயிலைக் கம்பெனிகளை விட்டுவிட்டுப் போகவில்லை. எங்களை விட்டுவிட்டுப் போனான். அந்த மலையை வெட்டித் திருத்தியவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று ஒரு வரி உறுதியாக எழுதிவைக்கத் தோன்றவில்லை. அதே வருஷம் இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? துரைமார் சொல்லிக்கொடுத்த தலைக்கணக்கை நம்மவர்களும் நன்றாகப் படித்திருந்தார்கள்.

எங்கள் குடும்பம் காகிதத்தோடு வந்தது, தப்பித்தோம். இங்கே ‘சிலோன்காரன்’, அங்கே ‘கள்ளத்தோணி’, அவ்வளவோடு போயிற்று. 1983 கலவரத்துக்குப் பிறகு காகிதமில்லாமல் ஓடிவந்த எங்கள் ஆட்கள் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். பாட்டனைப் பட்டியலிட்டு அனுப்பிய அதே மண்டபம் இப்போது பேரனுக்கு அகதி முகாம். இன்னொன்று திருச்சி கொட்டப்பட்டில். பக்கத்திலேயே விமான நிலையம். கொழும்புக்குப் போகிற விமானம் இரைச்சலோடு மேலே ஏறும். கீழே இருப்பவனுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. இந்த இரண்டு முகாம்களையும் சேர்ந்த 65 பேர் குடியுரிமை கேட்டுப் போட்ட வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரத்தில் முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னார். அந்த வருஷ டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் எல்லாம் இருந்தன. இலங்கை இல்லை. 2021-இல் அகதி முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். போர்டு புதுசு.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன் மனுவோடு ஓர் ஆபீஸ் ஏறி இறங்குகிறான். பூர்வீகம் இந்த ஜில்லாதான் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்கிறார்கள். ஓடிவந்தவன் கையில் அத்தாட்சி எப்படி இருக்கும்? அது உங்களிடம் இருக்கிறது, துரைமாரே. ஊர், தகப்பன் பேர், சாதி, தோட்டம், கடன் எல்லாம் கேட்டு எழுதாமல் ஓர் ஆளையும் நீங்கள் ரயிலேற்றியிருக்கமாட்டீர்கள். அந்தப் பேரேடுகள் லண்டனில் இருந்தாலும் சரி, கொழும்பில் இருந்தாலும் சரி, எடுத்துக்கொண்டு வந்து திருச்சியில் வையுங்கள். இவர்களை இங்கிருந்து நம்பர் போட்டு அனுப்பியது நாங்கள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.