எரியும் மலைகளும் எட்டாத எச்சரிக்கைகளும்

காட்டுத் தீ எங்கே எரிகிறது என்பது தெரியாமலேயே காடுகளைப் பறிகொடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று, எங்கே எரிகிறது என்று தெரிந்த பிறகும் பறிகொடுத்துக் கொண்டிருக்கிறோம். உத்தரகண்ட் மாநிலத்தின் மலைக்காடுகளில் கோடைதோறும் நடப்பது இதுதான்.

டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆய்வு நிறுவனம், 2004-ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக்கோள் வாயிலாகக் காட்டுத் தீயைக் கண்டறிந்து மாநில வனத்துறைகளுக்குத் தகவல் தந்து வருகிறது. தொடக்கத்தில் அமெரிக்காவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தரவுகள் மட்டுமே பயன்பட்டன. நிலப்பரப்பை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. பின்னர் சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விர்ஸ் கருவியும் சேர்க்கப்பட்டது. அது 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. எந்த வனச்சரகத்தில், எந்தக் காவல் சுற்றில் தீ தெரிகிறது என்ற விவரம் குறுஞ்செய்தியாக வனத்துறையினருக்குச் செல்கிறது. பெரிய தீயைத் தனியே தொடர்ந்து கண்காணிக்கும் திட்டமும் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

வானத்தில் குறை அதிகமில்லை. அப்படியிருந்தும் பலன் எங்கே?

2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரையிலான தீப்பருவத்தில் உத்தரகண்டில் மட்டும் 21,033 தீப்புள்ளிகள் செயற்கைக்கோளில் பதிவாகியுள்ளன என்கிறது மத்திய அரசின் வன நிலை அறிக்கை. அதற்கு முந்தைய பருவத்தில் அந்த எண்ணிக்கை 5,351 மட்டுமே. நாட்டிலேயே அதிகமான தீப்புள்ளிகள் பதிவான மாநிலமாக உத்தரகண்ட் மாறியது. ஆனால் 2024 மே மாத முற்பகுதியில் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு அளித்த கணக்கு வேறு. நவம்பரிலிருந்து 398 காட்டுத் தீ நிகழ்வுகள் நேர்ந்ததாகவும், வனப் பரப்பில் 0.1 சதவீதமே பாதிக்கப்பட்டதாகவும் அது கூறியது.

இந்த இரு எண்களையும் அப்படியே எதிரெதிரே நிறுத்தி ஒருவரைப் பொய்யர் என்பது நியாயமாகாது. மாநில அரசின் கணக்கு பருவத்தின் நடுவில் தரப்பட்டது. மேலும், செயற்கைக்கோள் எண்ணுவது தீ நிகழ்வுகளை அல்ல, வெப்பம் மிகுந்த கட்டங்களை. ஒரே தீ பல கட்டங்களில் பரவினாலோ, அடுத்த சுற்றிலும் எரிந்து கொண்டிருந்தாலோ ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாகப் பதிவாகும். ஆனால், இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டு, எத்தனை புள்ளிகள் சேர்ந்து ஒரு தீ என்று மக்களுக்கு விளக்கும் பொறுப்பை யார் ஏற்றிருக்கிறார்கள்? அந்த விளக்கம் இல்லாத வரையில், எதிர்க்கட்சி பெரிய எண்ணையும் ஆளுங்கட்சி சிறிய எண்ணையும் எடுத்துக் கொள்ளும். காடு எரிந்து கொண்டிருக்கும்.

செயற்கைக்கோளுக்கும் எல்லைகள் உண்டு. விர்ஸ் கருவியைத் தாங்கிய கோள் ஓரிடத்தை நண்பகலுக்குச் சற்றுப் பின்னரும், நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னரும் கடந்து செல்கிறது. பிற்பகல் நான்கு மணிக்குப் பற்றும் தீ அதன் கண்ணில் பட நள்ளிரவு தாண்ட வேண்டும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் சருகை மட்டும் எரித்துக் கொண்டு நகரும் தீயும், மேகமோ புகையோ மறைக்கும் தீயும் தப்பிவிடக்கூடும். சமவெளியில் 375 மீட்டர் என்பது சில நிமிட நடை. மலையில் அதே கட்டத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவுகளும் அடங்கிவிடலாம். எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகலாம்.

அந்தத் தொலைவைக் கடக்க வேண்டியவர் வனக்காவலர். 2024 ஜூன் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனத்துறைக் குழு தீயில் சிக்கியது. நான்கு பேர் அங்கேயே மாண்டனர். நான்கு பேர் கடுமையான காயங்களுடன் மீட்கப்பட்டனர். மாண்டவர்களில் தினக்கூலிப் பணியாளரும் உண்டு. மூத்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. எச்சரிக்கையைப் பெறுபவரிடம் தீயைத் தாங்கும் உடையும், போதுமான துணையும், பின்வாங்க ஒரு வழியும் இல்லையென்றால், அந்த எச்சரிக்கை அவரை நெருப்புக்குள் அனுப்பும் ஆணையாகிவிடுகிறது.

செயற்கைக்கோள் தரவுகளை இதுவரை அபாய மணியாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்துவிட்ட அந்தத் தரவுகளின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. எந்தச் சரிவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது, எந்த வாரத்தில் தொடங்குகிறது, சாலையோரத்திலா, வயல் ஓரத்திலா என்பதையெல்லாம் சொல்லக்கூடிய பேரேடு அது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நாட்டின் நிலப்பரப்பில் 3 சதவீதமே கொண்ட 20 மாவட்டங்களில், 2003 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட காட்டுத் தீயில் 44 சதவீதம் நிகழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களின் மலை மாவட்டங்கள் அவை. தீ கண்ட இடத்திலெல்லாம் பற்றுவதில்லை. பழகிய இடத்துக்கே திரும்பி வருகிறது. வரும் இடமும் வரும் காலமும் தெரிந்த விருந்தாளியை எதிர்கொள்ள, அவர் வாசலுக்கு வந்த பிறகா ஆயத்தமாவது?

உத்தரகண்டில் சிர் பைன் மரங்களின் ஊசியிலைகள் கோடையில் உதிர்ந்து மெத்தைபோல் தரையில் படிகின்றன. பிசின் நிறைந்த அந்தச் சருகு ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கிறது. அதைச் சேகரித்துத் தந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது 2024 மே மாதத்தில், காடுகள் எரிந்து கொண்டிருந்தபோது. அதற்குச் சில நாள்கள் முன்னர்தான் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்து நீரை அள்ளி நைனிதால் காடுகளில் ஊற்றின. 2016-இலும் இதே காட்சிதான்.

நிதியும் ஆளும் போகும் திசையை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் சுட்டிக் காட்டியது. தீத்தடுப்புக்கு 10 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டிருந்தும் 3.15 கோடி மட்டுமே தரப்பட்டது ஏன் என்று கேட்டது. வனத்துறை ஊழியர்களைத் தீப்பருவத்தில் தேர்தல் பணிக்கு அனுப்பியதையும் கண்டித்தது. தேர்தல் தேதி ஆணையத்தின் கையில் இருக்கலாம். ஆனால் தீப்பருவத்தின் தேதியை எந்த ஆணையமும் அறிவிக்க வேண்டியதில்லை.

எல்லாத் தீயும் மனிதர்களால் மூட்டப்படுபவை என்றும், 350 வழக்குகள் பதிவு செய்யப்பட்டுள்ளன என்றும் மாநில அரசு நீதிமன்றத்தில் கூறியது. வேண்டுமென்றே எரிப்பவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் வழக்குகளால் மட்டும் காடு காக்கப்படாது என்பதற்குக் குமாவோன் மலைகளின் வரலாறே சாட்சி. வன உரிமைகளை ஆங்கில அரசு பறித்தபோது 1921-இல் அந்த மக்கள் காடுகளுக்குத் தீ வைத்து எதிர்ப்பைக் காட்டினர். அதன் விளைவாகவே 1931-இல் வன பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. இன்று 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. எதிர்ச்சரிவுக்கு முதலில் போய்ச் சேரக் கூடியவர்கள் அந்தக் கிராம மக்கள்தாம்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு வனச்சரகத்துக்கும் இருபதாண்டுத் தீ வரைபடம் தயாரித்து, நவம்பருக்கு முன்னரே வன பஞ்சாயத்துகளிடம் தர வேண்டும். திரும்பத் திரும்ப எரியும் சரிவுகளில் சருகு அகற்றவும் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கவும் நிதி குளிர்காலத்திலேயே சென்று சேர வேண்டும். மலை மாநிலங்களுக்கான தீத்தடுப்புத் திட்டத்தில் 90 சதவீதச் செலவை ஏற்கும் மத்திய அரசு, இதை நிபந்தனையாகவே வைக்கலாம். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் எத்தனை மணி நேரத்தில் ஆள் சென்றார், எவ்வளவு பரப்பு எரிந்தது என்ற பதில் பொதுமக்கள் காணும்படி வெளியிடப்பட வேண்டும்.

இது வடக்கே உள்ளவர்களின் கவலை என்று நாமும் இருந்துவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதே செயற்கைக்கோள்தான், அதே குறுஞ்செய்திதான். அது போய்ச் சேரும் கைகளுக்கு வலுவூட்டுவது தில்லியிலும் மாநிலத் தலைநகர்களிலும் நிதியை ஒதுக்குபவர்களின் பொறுப்பு. அடுத்த கோடையில் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை இந்த நவம்பரிலேயே கேட்டாக வேண்டும்.