வரைவு மலிந்தது, தேர்வு மலியவில்லை

ஒரு பொருளின் விலை சற்றே குறைந்தால் அதன் நுகர்வு கூடும். விலை ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குக் குறைந்தாலோ, அந்தப் பொருளைச் சார்ந்த தொழிலின் அமைப்பே மாறிவிடும். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களின் விலை இன்று அந்த நிலையை எட்டியிருக்கிறது.

2022 நவம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தனது 'டால்-இ' படமாக்க வசதியை ஏபிஐ வழியாகப் பிறருக்குத் திறந்துவிட்டது. ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் வேலை கேட்டுப் பெறுவதற்கான வாயில். அன்று பெரிய அளவுப் படம் ஒன்றுக்குக் கட்டணம் 2 அமெரிக்க சென்ட். நம் பணத்தில் சுமார் ஒன்றரை ரூபாய். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ், 'ஃப்ளக்ஸ் ஷ்னெல்' என்ற மாடலை எவரும் வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டது. 'ஷ்னெல்' என்றால் ஜெர்மன் மொழியில் விரைவு. இதை ஏபிஐ வழியே வழங்கும் நிறுவனங்களுள் சில, படத்துக்கு ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கையே கட்டணமாகப் பெற்றன. நூறு படங்களின் செலவு ஏறத்தாழ 25 ரூபாய்; இரண்டு குவளைத் தேநீரின் விலை.

இந்த மலிவுக்கான காரணம் எளியது. இத்தகைய மாடல்கள் வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, படிப்படியாக அதைத் தெளிவாக்கிப் படமாக்குகின்றன. முன்பு இதற்கு 20 முதல் 50 படிகள் வரை தேவைப்பட்டன. பெரிய மாடலிடம் பயின்ற விரைவு மாடல்கள் அதே பணியை 1 முதல் 4 படிகளில் முடிக்கின்றன. படிகள் குறையும்போது கணினி நேரமும், அதனால் செலவும் குறைகின்றன. ஆனால், நுணுக்கமும் சற்றுக் குறைகிறது. விரல்கள் பிசகுகின்றன, தமிழ் எழுத்துகள் உருக்குலைகின்றன. எனவேதான் இவை இறுதிப் படத்துக்கு உதவுவதைவிட, வரைவுக்கே மிகவும் உதவுகின்றன.

வரைவு என்பது தொழிலில் சிறிய பகுதி அன்று. சிவகாசியை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். அதற்குப் பல மாதங்கள் முன்பே எந்தத் தெய்வம், எந்த வண்ணம், எந்த அமைப்பு என்று வரைவுகள் உருவாகத் தொடங்கிவிடும். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள்தாம் இக்காலண்டர்களுக்கு முகம் தந்தன. குருவின் அருகில் அமர்ந்து கோட்டுருவம் வரைந்தும் பின்னணிக்கு வண்ணம் தீட்டியும்தான் சீடர் ஓவியரானார். வரைவு என்பது உற்பத்தியின் முதல் கட்டம் மட்டுமன்று. அதுவே பயிற்சிக்கூடமும் ஆகும்.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இங்கு மூன்று விளைவுகளைக் காண்கிறேன்.

முதலாவது, நீராவி இயந்திரங்களின் திறன் கூடியபோது பிரிட்டனில் நிலக்கரி நுகர்வு குறையாமல் அதிகரித்ததை 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். வரைவுக்கும் அது பொருந்தும். மூன்று வரைவுகளைப் பார்த்து முடிவெடுத்த வாடிக்கையாளர் இனி முப்பது கேட்பார். அந்த முப்பதையும் பார்த்து, பிழை களைந்து, ஐந்தைப் பொறுக்கி எடுக்க மனிதக் கண்ணும் மனித நேரமும் வேண்டும். வரைவின் விலை சரிந்திருக்கிறது; தேர்வின் விலை சரியவில்லை. வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் வடிவமைப்பாளருக்கு இந்தக் கூடுதல் நேரம் கணக்கில் வராத உழைப்பாகவே முடியும். என்னிடம் பயின்று இன்று அச்சுத் தொழிலில் இருப்போர் சிலருடன் பேசியபோது, அவர்கள் இதையே முதல் குறையாகச் சொன்னார்கள்.

இரண்டாவது, பயிற்சி. முதல் வரைவை இயந்திரம் தந்துவிட்டால், தொடக்க நிலைப் பணியாளரை அமர்த்த முதலாளிக்குக் காரணம் இராது. தனி ஒரு நிறுவனத்தின் கணக்கில் இது சிக்கனம். எல்லா நிறுவனங்களும் இதையே செய்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேர்ந்த கண் கொண்டவர் எங்கிருந்து வருவார்? நூறு வரைவுகளில் நல்லதைப் பொறுக்கும் திறன், நூறு வரைவுகளை வரைந்து பழகியவருக்கே வாய்க்கும்.

மூன்றாவது, உரிமை. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு இத்தகைய மாடல்கள் பயிற்றுவிக்கப்பட்டன. அவற்றை வரைந்தோருக்கும் எடுத்தோருக்கும் பெரும்பாலும் எதுவும் வழங்கப்படவில்லை. ஆக, 25 பைசா என்ற விலையில் ஒரு செலவு சேர்க்கப்படவே இல்லை. விளைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பதும் தெளிவாக இல்லை. மனிதப் படைப்பாளர் இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று உறுதிசெய்தது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த அந்த வரி, இன்றைய மாடல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. 'உருவாகச் செய்தவர்' என்பவர் சொற்களைத் தட்டியவரா, மாடலைச் செய்தவரா என்பதை நாடாளுமன்றம்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

இவற்றைச் சொல்வதால் கருவியை ஒதுக்க வேண்டும் என்று பொருளன்று. ஓவியரை அமர்த்த வசதியில்லாத சிறு பதிப்பாளர், கிராமப் பள்ளி ஆசிரியர், சுயஉதவிக் குழுவினர் ஆகியோர் தம் மனத்தில் உள்ளதைப் பிறருக்குக் காட்ட முதன்முறையாக ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஓவியரிடம் செல்லும் முன், வேண்டியது இன்னதென்று தெளிந்துகொள்ளவும் அது உதவும். இந்த நன்மை சிறியதன்று.

செய்ய வேண்டியவை சில உண்டு. ஒப்பந்தத்திலேயே இத்தனை வரைவுகள்தான் என்று வரம்பிட்டு, அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம் என எழுத வேண்டும். இயந்திர வரைவை இயந்திர வரைவு என்றே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். கவின்கலைக் கல்லூரிகளும் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகங்களும், கையால் வரையும் பயிற்சியைக் கைவிடாமல், இயந்திர வரைவில் பிழை காணும் பயிற்சியையும் சேர்த்துத் தர வேண்டும். வரைவில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கையாவது இளையோரைப் பயிற்றுவிக்கத் தொழிலகங்கள் செலவிட வேண்டும். சிவகாசியின் அச்சக உரிமையாளர்கள் கூடிப் பேசினால் இதற்கு அரசாணை தேவையில்லை.

மலிவின் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தமும் சட்டமும் கல்வியும் தீர்மானிக்கின்றன. அவை மூன்றும் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன.