மேடைத் தமிழும் கடல் தமிழும்

சிங்கப்பூர் ஒரு தீவு. இதை நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் தீவில்தான் வாழ்கிறோம் என்பதை நம்மில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறோம்? அடுக்குமாடி வீடு, எம்ஆர்டி ரயில், விரிவுரை மண்டபம் என்று சுழலும் நமக்குக் கடல் என்பது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டும்போது ஓரத்தில் தெரியும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கடந்த ஜூன் விடுமுறையில் பேரவை நண்பர்கள் எட்டுப் பேர் செந்தோசாவிலிருந்து கயாக் படகுகளில் தென்தீவுகளுக்குச் சென்றோம். இருவர் அமரும் படகுகள் நான்கு. வழிகாட்டி தனிப்படகில் வந்தார். நம் கடலில் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. சில நாள்களில் அந்த வேறுபாடு 3 மீட்டர் வரை போகும். அப்போது தீவுகளுக்கு இடையே நீரோட்டம் வலுத்துப் படகை இழுத்துச் சென்றுவிடும். அதைக் கணக்கிட்டே அவர் புறப்படும் நேரத்தைக் குறித்திருந்தார்.

முதலில் ஒரே கும்மாளம்தான். பாட்டு, கேலி, யார் படகு முந்துவது என்ற போட்டி. தூரத்தில் நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள் கட்டடங்களைப் போல நின்றன. பாதி வழியில் ஒரு விரைவுப் படகு கடந்து போக, அதன் அலை எங்களை நோக்கி வந்தது. முன்னிருக்கையில் இருந்த நண்பன், “அணியத்தை அலைக்கு நேரே வை!” என்று கத்தினான். பின்னால் இருந்து படகைத் திருப்பவேண்டியவன் நான். “என்னது?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அலை பக்கவாட்டில் மோதியது. இருவரும் தண்ணீரில் கிடந்தோம். உயிர்காப்பு அங்கி மிதக்க வைத்தது. வழிகாட்டி வந்து படகை நிமிர்த்தினார். நான் குடித்த உப்புநீர்தான் கணக்கில்லை.

லாசரஸ் தீவின் கரையில், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி, “அணியம் என்றால் என்ன?” என்று கேட்டேன். அவன் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், நீரோட்டம் நீவாடு, மேலைக்காற்று கச்சான் என்று சொல்லிக்கொண்டே போனான். நாங்கள் வாயடைத்துக் கேட்டோம். எங்களில் விவாத மேடைகளில் பரிசு வென்றவர்கள் இருந்தார்கள். நெய்தல் திணையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசக்கூடியவர்கள். ஆனால், கடல்நீர் ஏறி இறங்குவதற்குத் தமிழில் என்ன பெயர் என்று வழிகாட்டி கேட்டபோது, பாடத்தில் படித்த ‘ஓதம்’ எங்கள் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். சென்ற ஆண்டு விவாதக் குழுத் தேர்வுக்கு இதே நண்பன் வந்திருந்தான். “பேச்சில் வட்டார வழக்கு அதிகம்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். கடற்கரையில் அவன் அதை நினைவூட்டவில்லை. அதனால்தான் எனக்கு உறுத்தியது.

பிறகு, இணைப்புப் பாதை வழியாக செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு நடந்தோம். 1874ஆம் ஆண்டு அங்கே தனிமைப்படுத்தல் நிலையம் தொடங்கப்பட்டது. கப்பலில் வந்தவர்களால் காலரா, அம்மை போன்ற நோய்கள் பரவாமலிருக்க, அவர்களை அங்கே இறக்கி, சில நாள்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்த என் கொள்ளுத்தாத்தா முதலில் மிதித்தது சிங்கப்பூர் மண்ணை அல்ல, இந்தச் சின்னத் தீவைத்தான் என்று பாட்டி சொல்வார். அவர் இங்கே நின்று என்ன தமிழ் பேசியிருப்பார்? நிச்சயமாக நம் மேடைத் தமிழை அல்ல. என் நண்பன் பேசுவதைப் போன்ற ஒரு தமிழைத்தான். அந்தத் தமிழைத்தான் நாங்கள் தேர்வில் தள்ளிவிட்டோம்!

“நாம் என்ன மீன் பிடிக்கவா போகிறோம்? இந்தச் சொற்கள் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆபத்து நேரத்தில் எல்லாருக்கும் புரியும் மொழியே பேசவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேடைத் தமிழ் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை; திருத்தமாகப் பேசும் பயிற்சி அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் தமிழின் பெருமையைப் பேச மட்டும் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்றால், அந்தப் பெருமை எத்தனை நாளைக்கு?

பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆண்டுக்கு ஒரு நாளாவது மண்டபத்தை விட்டு வெளியே செல்வோம். கடலோ, காடோ, சமையல் கூடமோ, அன்று முழுதும் செய்யும் வேலையைத் தமிழில் பேசுவோம். அடுத்து, வட்டார வழக்கோடு வரும் மாணவரைத் திருத்துவதற்கு முன், அவரிடம் கற்க என்ன இருக்கிறது என்று கேட்போம்.

திரும்பும்போதும் பின்னிருக்கையில் நான்தான். மறுபடி ஓர் அலை வந்தது. “அணியம்!” என்றான் நண்பன். இம்முறை நான் எதுவும் கேட்கவில்லை, படகைத் திருப்பினேன்.