எந்த நிலையில் எடை போட்டீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. அஜித்குமார் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடித்ததிலிருந்து நம் பிள்ளைகளுக்குப் போர்ஷே பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்த முறை பேச்சு சாலையில் ஓட்டும் போர்ஷே 911 கரேரா பற்றி. 2019-ல் வந்த அந்த மாடலின் எடை 1505 கிலோ என்கிறான் ஒருவன். 1580 கிலோ என்கிறான் இன்னொருவன். இருவரும் கம்பெனி கொடுத்த விவரத்தையே ஆதாரமாகப் போடுகிறார்கள். கடைசியில் "சார், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்" என்று என்னைக் கோர்த்துவிட்டார்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். இரண்டையும் கழித்துப் பாருங்கள், 75 வரும். அந்த 75 கிலோ ஓட்டுநர்! ஜெர்மன் முறையில் பெட்ரோல் டேங்கை 90 சதவீதம் நிரப்பி, ஆள் இல்லாமல் எடை சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதோடு 75 கிலோ ஓட்டுநரையும் சேர்க்க வேண்டும். போர்ஷே இரண்டையும் அச்சிடுகிறது, எது எந்த முறை என்றும் சொல்கிறது. நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(48) இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. வண்டி வேலை செய்யும்போது வழக்கமாக அதோடு இருக்கும் சாமான்கள் எல்லாம் சேரும், ஓட்டுநர் எடை சேராது. உங்கள் ஆர்.சி.யில் 'அன்லேடன் வெயிட்' என்று இருப்பது அதுதான். எடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவதாக ஒரு எடை இருக்கிறது. என் வருத்தம் அதன் மேல்தான். அதன் பெயர் 'டிரை வெயிட்', வறண்ட எடை. பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாத வண்டியின் எடை. அப்படி ஒரு கார் ஓர் அடிகூட நகராது. நகராத காரின் எடையை வைத்து அதன் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசுவது என்ன நியாயம்?

ஃபெராரி 488 பிஸ்தா என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். 720 குதிரைத்திறன். வறண்ட எடை 1280 கிலோ, ஓடும் நிலையில் 1385 கிலோ. வித்தியாசம் 105 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால், 78 லிட்டர் டேங்க் நிரம்ப ஏறக்குறைய 58 கிலோ ஆகும். மீதியை ஆயிலும் தண்ணீரும் மற்றவையும் பார்த்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பு வகுத்தல்தான், நோட்டை எடுங்கள். 1280-ஐ 720-ஆல் வகுத்தால் ஒரு குதிரைக்கு 1.78 கிலோ. 1385-ஐ வகுத்தால் 1.92. 75 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் 2.03. ஒரே கார், மூன்று விடை. விளம்பரத்துக்கு எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அந்த 1385-கூட எடை குறைந்த கூடுதல் சாமான்களை மாட்டினால்தான். கார்பன் ஃபைபர் சக்கரங்கள் அந்தக் காருக்குத் தனிக் காசு.

அதனால்தான் ரோடு டெஸ்ட் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை. பிரிட்டனின் 'ஆட்டோகார்' பத்திரிகை 1928 முதல் ரோடு டெஸ்ட் வெளியிடுகிறது. ஒழுங்காகச் சோதிப்பவர்கள் டேங்கை நிரப்பி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்துத் தாங்களே எடை பார்ப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதும் அதில் தெரிந்துவிடும். கம்பெனி சொன்ன எடை ஒரு வரி, தராசு சொன்னது அடுத்த வரி. தராசு வைக்காமல், "காற்றைப் போல் லேசாகப் பறக்கிறது" என்று எழுதுகிற விமர்சனத்தை நான் விமர்சனமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பந்தயக்காரர்கள் இதில் கறார். 2024 ஜூலை 28, பெல்ஜியம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை 798 கிலோ. மேடையில் நிறுத்தியபோது சரியாக 798 காட்டியது. விதிப்படி மீதிப் பெட்ரோலை இறக்கிவிட்டுப் பார்த்தால் 796.5. ஒன்றரைக் கிலோவுக்கு முதல் பரிசு போயிற்று, லூயிஸ் ஹாமில்டனுக்குக் கொடுத்தார்கள். அந்த ஒன்றரைக் கிலோவால்தான் ஜெயித்தாரா என்று யாரும் வாதாடவில்லை. எந்த நிலையில் எடை போடுவது என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"தேசூரில் உட்கார்ந்துகொண்டு ஃபெராரி எடையைப் பற்றி உங்களுக்கு என்ன சார் கவலை?" என்று ஒரு தம்பி கேட்டான். கவலைப்பட எனக்கு உரிமை உண்டப்பா. நான் தறிவீட்டுப் பிள்ளை. பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், நெய்த சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். ஐப்பசி மழையில் வாங்கி வந்த பட்டு பங்குனி வெயிலில் சேலையாகத் திரும்பும்போது எடை குறையும். பட்டு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் விட்டுவிடும். 500 கிராம் பட்டில் நூற்றுக்கு நான்கு பங்கு ஈரம் போனாலே 20 கிராம் குறைவு. அப்பாவுக்கு நெசவு கொடுத்த முதலாளி அந்தக் குறைவைச் சேதாரக் கணக்கில் எழுதிக் கூலியில் பிடித்துக்கொள்வார். அப்பா ஒரு இழையைக்கூட எடுத்தவர் இல்லை. "வெயில்ல காஞ்சிருக்குங்க" என்பார். தராசு பொய் சொல்லுமா என்று பதில் வரும். தராசு பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு நிலைகளில் போட்ட எடையை ஒன்றாக வைத்துக் கழித்ததுதான் தப்பு.

இதே வழக்குக்கு பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு வியாபாரிகள் 200 வருடத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்தார்கள். நெப்போலியன் காலத்தில், 1805-ல், அங்கே பட்டின் எடையை உறுதி செய்யப் பொது நிலையம் ஒன்று ஏற்பட்டது. வாங்குகிறவன் தராசும் வேண்டாம், விற்கிறவன் தராசும் வேண்டாம், மூன்றாவது ஆள் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. நாளடைவில் முறையும் கெட்டிப்பட்டது. மாதிரிப் பட்டை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி எடை போட்டு, அதோடு 11 சதவீதம் சேர்த்தால் வருவதே வியாபார எடை. மழையானாலும் வெயிலானாலும் கணக்கு ஒன்றுதான். பட்டு வியாபாரத்தில் இன்றும் அந்த 11 சதவீதம்தான் வழக்கம். கவனியுங்கள், அவர்களும் உலர்ந்த எடையைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், உபயோகத்தில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேரம். கார்க்காரர்களிடம் நான் கேட்பதும் அதுதான். வறண்ட எடையை அச்சிடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதைத் தனியாகப் பெரிய எழுத்தில் போட்டு, ஓடும் எடையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட விடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னைக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டு 2018-ல் இன்டர்செப்டர் 650 பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது எடை 202 கிலோ என்று போட்டு, கூடவே 'எரிபொருள் இல்லாமல்' என்றும் போட்டது. 13.7 லிட்டர் டேங்க், அதற்குப் பத்துக் கிலோ நாமே கூட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டு வார்த்தை இருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

இரண்டு வருடம் முன்பு சொந்தத்தில் ஒரு பையன், பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்போர்ட்ஸ் கார் எடைகளைப் படித்துப் படித்து, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினான். அதே காரில்தான் ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனான். ஸ்டெப்னியில் மிச்சம் பிடித்தது பதினைந்து கிலோ இருக்குமா? ஏற்றியது 350 கிலோ. பிரேக் பிடிக்கும்போது அடக்க வேண்டிய ஆற்றல் மொத்த எடைக்கு நேர் விகிதம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். மலையிறக்கத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த மொத்த எடையைத்தான். டயரின் பக்கவாட்டிலும் ஒரு எண் இருக்கும். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். நான்கு டயருக்கு 1900. ஆர்.சி. எடையோடு ஆளையும் சாமானையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். 0-விலிருந்து 100 போக எத்தனை நொடி என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் இந்த எண்ணையும் ஒரு தடவை குனிந்து பார்க்கலாம்.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிற நம் மாணவர்கள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள். விவரப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது எடைக்குப் பக்கத்தில் நிலையையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மேலதிகாரி முறைத்தால், விடை எழுதி அலகு எழுதாவிட்டால் எங்கள் சார் அரை மதிப்பெண் குறைப்பார் என்று சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. ஆரணி, வந்தவாசி பக்கம் அரிசி ஆலைகளுக்கு நடுவே எடை மேடைக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது டேங்கை நிரப்பி, வண்டியை விட்டு இறங்கி நின்று, ஒரு சீட்டு வாங்குங்கள். அந்த மேடை லாரிக்கானது, ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே காட்டும், அதற்குச் சண்டை போடாதீர்கள். சீட்டையும் ஆர்.சி. எடையையும் குழுவில் போடுங்கள். போடும்போது டேங்க் எவ்வளவு, உள்ளே யார் இருந்தார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் திருத்த மாட்டேன்.